ஒரு சிப்பாய் கூடுதல், ஆனாலும் டிரா: 46-ஆம் நகர்த்தலில் என்ன நடந்தது?

தம்பி, நீங்கள் கொடுத்த நோட்டேஷன் தாளை (நகர்த்தல்களை எழுதிய தாளை) இரண்டு இரவுகள் பலகையில் வைத்துப் பார்த்துவிட்டேன். மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் உங்கள் கேள்வியை முதலில் இங்கே சொல்லிவிடுகிறேன். குடியாத்தத்திலிருந்து பஸ் பிடித்து வந்து, வேலூரில் ஞாயிற்றுக்கிழமை நடந்த சதுரங்கப் போட்டியின் கடைசிச் சுற்றில் வெள்ளைக் காய்களோடு ஆடினீர்கள். 29-ஆம் நகர்த்தலில் ஒரு சிப்பாயை வென்றீர்கள். அதை வைத்துக்கொண்டு 64-ஆம் நகர்த்தல்வரை போராடியும் ஆட்டம் டிரா ஆனது. "கையில் இருந்த வெற்றியை விட்டுவிட்டாய்" என்று ஒரு நண்பர் சொன்னார். "யானை ஆட்டம் எப்போதும் டிராதான், வருந்தாதே" என்றார் இன்னொருவர். கணினியில் கடைசி நிலையைப் போட்டால் பூஜ்யம், அதாவது சமநிலை, காட்டுகிறது. யார் சொல்வது சரி, ஒரே நிலை மூன்று முறை வந்துவிட்டது என்று நடுவர் ஆட்டத்தை முடித்தது சரியா என்பவைதான் உங்கள் கேள்விகள்.

நண்பர்கள் இருவரும் பாதி சரி. வெற்றி இருந்தது. ஆனால் அது முப்பத்தைந்து நகர்த்தல்களிலும் இருக்கவில்லை. ஒரே ஒரு நகர்த்தலில் மட்டும், 46-ஆவதில் மட்டும், பலகையின்மேல் இருந்தது. அதற்கு முன் நீங்கள் நெருக்கினீர்கள், அவர் தாங்கினார். அதற்குப் பின் உலகச் சாம்பியன் உங்கள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும், எதிரே இருந்தவர் சரியாக ஆடும்வரை டிராதான். நடுவர் செய்தது முழுக்கச் சரி. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

கடைசி அரை மணி நேரம் உங்கள் பலகைக்குப் பின்னால் நின்றவர்களில் நானும் ஒருவன். மற்ற பலகைகளைச் சுருட்டிக் கட்டி, மேசைகளைக்கூட ஓரம் கட்டிவிட்டார்கள். மின்விசிறி ஓடியும் வியர்வை நிற்காத வேலூர்ச் சித்திரை. உங்களுக்கு வைத்த டீ ஆறி ஆடை படிந்துவிட்டது. எதிரே வாலாஜாவிலிருந்து வந்த பெரியவர், ஒவ்வொரு நகர்த்தலையும் எழுதிவிட்டுப் பேனாவை மூடி வைத்து, அடுத்த முறை மீண்டும் திறந்தார். அந்த நிதானத்தைக் கவனித்தீர்களா என்று தெரியவில்லை. உங்கள் பார்வை சிப்பாயைவிட்டு நகரவே இல்லை.

தொடக்கத்தையும் நடு ஆட்டத்தையும் பற்றிப் பேச அதிகம் இல்லை. நன்றாகவே ஆடியிருக்கிறீர்கள். 29-இல் குதிரையை வைத்து ராஜாவையும் சிப்பாயையும் ஒருசேரத் தாக்கியது அழகு. அதன்பின் ராணிகளையும் குதிரைகளையும் மாற்றியதும் சரி. காய் பலத்தில் மேலே இருப்பவர் காய்களை மாற்ற வேண்டும், சிப்பாய்களை மாற்றக் கூடாது என்பது பால பாடம். அந்தப் பாடத்தின் இரண்டாம் பாதியை 41-இல் மறந்துவிட்டீர்கள். உங்களிடம் இ, ஜி நெடுவரிசைகளில் இரண்டு சிப்பாய்கள். அவரிடம் ஜி சிப்பாய் ஒன்று. ஜி சிப்பாய்களை நீங்களே வலிய மாற்றினீர்கள். பலகை சுத்தமானால் கணக்கு எளிதாகும் என்று நினைத்தீர்கள் போலும். கணக்கு எளிதானது உங்களுக்கு அல்ல, அவருக்கு. காக்கிறவர் எப்போதும் எண்ணுவது, "இன்னும் எத்தனை சிப்பாய் போனால் எனக்கு டிரா?" என்பதைத்தான். அந்தக் கடனில் ஒரு தவணையை நீங்களே கட்டிக் கொடுத்தீர்கள். அந்த ஜி சிப்பாய் இருந்திருந்தால் வெற்றி உறுதி என்று சொல்லமாட்டேன். ஆனால் அவர் இரண்டு இடங்களைக் காக்க வேண்டியிருந்திருக்கும், கடிகாரமும் அவருக்கு எதிராக ஓடிக்கொண்டிருந்தது.

இனி 46. பலகை இருந்தால் எடுத்து வையுங்கள். வெள்ளை: ராஜா இ5, யானை டி1, சிப்பாய் இ3. கருப்பு: ராஜா இ7, யானை ஏ8. பலகையில் மொத்தம் ஐந்தே காய்கள். (ரூக் என்பதை எங்கள் பக்கம் யானை என்றுதான் சொல்வோம். கோட்டை என்று படித்தவர்கள் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.) 45-ஆம் நகர்த்தல் கருப்புடையது. யானையை ஏ6-க்கு இறக்கியிருந்தால் அப்போதே அவர் பத்திரம். நேர நெருக்கடியில் அவர் யானையை டி8-க்கு நகர்த்தி, உங்கள் யானைக்கு நேர் எதிரே நிறுத்தினார். காயைவிட்டுக் கையை எடுத்த மறுகணம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதுவரை அவர் கண்ணாடியைத் தொட்டதே இல்லை. செய்தது தவறு என்று அவருக்குத் தெரிந்துவிட்டது என்று நான் நினைத்தேன்.

நீங்கள் இரண்டு நிமிடம் யோசித்து, யானையை எச்1-க்கு விலக்கிக்கொண்டீர்கள். ஏன் என்று கேட்டதற்கு, "யானைகளை மாற்றினால் ஒற்றைச் சிப்பாய்தானே மிஞ்சும், அதை அவர் ராஜா வந்து தடுத்துவிடும் என்று பயந்தேன்" என்றீர்கள். இந்தப் பயம் உங்களுக்கு மட்டும் இல்லை. நான் சொல்லிக் கொடுக்கும் பிள்ளைகளில் பத்துக்கு எட்டுப் பேருக்கு இருக்கிறது. ராஜா, சிப்பாய் எதிர் ராஜா என்றாலே டிரா என்று எங்கேயோ கேட்டிருப்பார்கள். சில நேரம் டிரா, சில நேரம் வெற்றி என்பதுதான் உண்மை. எது எப்போது என்பதற்கு நெற்றியைச் சுருக்கிக் கணக்குப் போடவே தேவையில்லை. மூன்று கட்டங்களை மனத்தில் வைத்தால் போதும்.

சிப்பாய் இ3-இல் நிற்கிறதா? அதற்கு இரண்டு வரிசை முன்னால் டி5, இ5, எஃப்5 என்று மூன்று கட்டங்கள் இருக்கின்றன. வெள்ளை ராஜா அந்த மூன்றில் ஒன்றில் உட்கார்ந்துவிட்டால், நகர வேண்டிய முறை யாருடையதாக இருந்தாலும் வெற்றிதான். சிப்பாய் இ4-இல் இருந்தால் அந்த மூன்றும் ஒரு படி மேலேறி டி6, இ6, எஃப்6 ஆகிவிடும். ஓரச் சிப்பாய்க்கு மட்டும் இந்தக் கணக்கு செல்லாது. இப்போது உங்கள் நிலையைப் பாருங்கள். சிப்பாய் இ3. ராஜா ஏற்கெனவே இ5-இல். சாவி பூட்டுக்குள் இருந்தது, திருப்ப மட்டுமே வேண்டியிருந்தது.

யானை டி8-ஐ வெட்டுகிறது, அவர் ராஜாவால் வெட்டுகிறார். நீங்கள் ராஜாவை டி6-க்கு ஏற்றுகிறீர்கள். அவர் ராஜா இ8 போனால் நீங்கள் இ6. இரண்டு ராஜாக்களும் நடுவில் ஒரு கட்டம் விட்டு முகத்துக்கு முகம் நிற்க, நகர வேண்டியவர் அவர். டி8-க்கு ஒதுங்குவார், நீங்கள் எஃப்7-இல் நுழைவீர்கள். அங்கிருந்து இ6, இ7, இ8 மூன்றையும் உங்கள் ராஜா காவல் காக்கும். அதன்பின் சிப்பாய் இ3-இலிருந்து இ8 வரை ராஜபாட்டையில் நடந்து போகலாம். அவர் இ8-க்குப் பதில் சி8-க்கு ஒதுங்கினாலும் முடிவு ஒன்றே. சிப்பாயை இ4-க்கு ஏற்றுங்கள். அவர் டி8 வந்தால் இ5, இ8 போனால் நீங்கள் இ6. பலகையில் ஒருமுறை கையால் நகர்த்திப் பாருங்கள், விரலுக்கே பழகிவிடும்.

இதிலேயே இன்னொரு நுட்பம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. வெள்ளை ராஜா டி5, சிப்பாய் இ4, கருப்பு ராஜா டி7 என்று வையுங்கள். கருப்பு நகர வேண்டும் என்றால் வெள்ளைக்கு வெற்றி. வெள்ளை நகர வேண்டும் என்றால் டிரா. அதே நிலையில் சிப்பாயை மட்டும் இ3-க்குப் பின்னே இழுத்து வையுங்கள். இப்போது வெள்ளை நகர வேண்டும் என்றாலும் கவலை இல்லை. சிப்பாயை இ4-க்கு ஒரு படி தள்ளினால், முறை அவரிடம் போய்விடுகிறது. பின்னால் நிற்கும் சிப்பாய் சோம்பேறி இல்லை, உண்டியலில் கிடக்கும் காசு. நம் பிள்ளைகள் சிப்பாய் கிடைத்த உடனே ஓடவிடுகிறார்கள். ராஜா முன்னே போகட்டும், சிப்பாய் பின்னால் வரட்டும் என்று தொண்டை வறளச் சொல்கிறேன்.

ஆக, ஒரு யானை ஆட்டத்துக்குள் எப்போதும் ஒரு சிப்பாய் ஆட்டம் ஒளிந்திருக்கிறது. யானைகளை இப்போதே எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும் என்பதை ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். நீங்கள் அதைப் பார்க்காமல் யானையைக் காப்பாற்றிக்கொண்டீர்கள்.

இதை உங்கள் மட்டத்தின் குறை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். உலகச் சாம்பியன் போட்டியின் 14-ஆவது ஆட்டம், அதுவே கடைசி ஆட்டம். அப்போதைய சாம்பியன், சீனாவின் டிங் லிரென் வெள்ளை, குகேஷ் கருப்பு. டிங்குக்கு ஒரு சிப்பாய் குறைவு. ஆனால் இருவரிடமும் யானையும் ஒரே நிறக் கட்டத்தில் ஓடும் மந்திரியும் (பிஷப்) இருந்தன, நிலை டிராவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. 55-ஆம் நகர்த்தலில் டிங் யானையை எஃப்2-க்கு நகர்த்தி, வேண்டுமானால் மாற்றிக்கொள் என்று நிறுத்தினார். வாலாஜாப் பெரியவர் டி8-இல் நிறுத்தினாரே, அதேபோல. குகேஷ் யானையை மாற்றினார். பிறகு மந்திரியை டி5-க்குக் கொண்டுவந்து அதையும் மாற்றிக்கொள்ளச் சொன்னார். டிங்கின் மந்திரி ஏ8 மூலையில் மாட்டிக்கொண்டிருந்தது, தப்ப வழியில்லை. மிஞ்சியது வெறும் ராஜாக்களும் சிப்பாய்களும், அதில் கருப்புக்கு வெற்றி. 58-ஆம் நகர்த்தலோடு டிங் விட்டுக்கொடுத்தார். 18 வயதுச் சென்னைப் பையன் ஏழரைக்கு ஆறரை என்று உலகச் சாம்பியன் ஆனான். அந்த 14 ஆட்டங்களில் 9 டிரா. மேல் மட்டத்திலும் ஆட்டம் திரும்புவது யானை போன பிறகு என்ன மிஞ்சும் என்ற கேள்வியில்தான். டிங் அதைத் தவறவிட்டார், குகேஷ் பிடித்துக்கொண்டார்.

சரி, 46-இல் விலகிவிட்டீர்கள். அதன்பின் பெரியவர் ஆடியதைத்தான் நான் நின்று ரசித்தேன். உங்கள் யானை எச்1 வந்ததும் அவர் யானை ஏ8-க்குத் திரும்பியது. எச்7-இல் செக் கொடுத்தீர்கள், ராஜா இ8. 48-இல் சிப்பாயை இ4-க்குத் தள்ளினீர்கள். உடனே அவர் யானை ஏ6-க்கு இறங்கியது. நீங்கள் ராஜாவை டி5-க்குக் கொண்டுபோக, அவர் பி6. 50-இல் சிப்பாய் இ5. அவர் மீண்டும் ஏ6. நீங்கள் யானையை இங்கும் அங்கும் மாற்றிப் பார்க்க, அவர் ஆறாம் வரிசையைவிட்டு இறங்கவே இல்லை.

வேலூர்க் கோட்டையைச் சுற்றி நடந்திருப்பீர்கள். மதில் எவ்வளவு உயரம் என்பதைவிட, அதன் காலடியில் கிடக்கும் அகழியே முதலில் கண்ணை நிறுத்தும். அந்த ஆறாம் வரிசை அவருடைய அகழி. யானை அந்த வரிசையில் பக்கவாட்டாக நிற்கும்வரை உங்கள் ராஜா டி6, இ6, எஃப்6 எதிலும் காலெடுத்து வைக்க முடியாது. ராஜா ஏறாமல் சிப்பாய் மட்டும் போய்ப் பயனில்லை. இந்தக் காவலைச் சொல்லிவைத்தவர் பிலிடோர் என்ற பிரெஞ்சுக்காரர். 1726 முதல் 1795 வரை வாழ்ந்தவர், இசையமைப்பாளர், தம் காலத்தில் முன்னணிச் சதுரங்க ஆட்டக்காரர். இந்த நிலையை 1777-இல் விளக்கி எழுதினார். 2018-க்குள், பலகையில் ஏழு காய்கள் வரை மிஞ்சும் நிலைகளின் முடிவுகளைக் கணினிகள் கணக்கிட்டுப் பட்டியலாக வைத்துவிட்டன. உங்களுடையது ஐந்து காய்தான். அந்தப் பட்டியலும் டிரா என்கிறது. இருநூற்று நாற்பது ஆண்டுக்கு முன் ஒரு மனிதர் பேனாவால் எழுதியதைத் திருத்த இயந்திரத்துக்கு இடமில்லாமல் போனது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும்.

58-இல் நீங்கள் சிப்பாயை இ6-க்குத் தள்ளினீர்கள். உங்கள் ராஜா டி5, யானை ஏ7. அவர் ராஜா இ8, யானை பி6. இந்த இடத்தில்தான் பாதி விஷயம் தெரிந்தவர்கள் கவிழ்வார்கள். ஆறாம் வரிசையைப் பிடி என்று கேட்டிருப்பார்கள், எப்போது விட வேண்டும் என்று கேட்டிருக்கமாட்டார்கள். பெரியவர் ஒரு நொடி தாமதிக்கவில்லை. யானையை பி6-இலிருந்து நேரே பி1-க்கு, பலகையின் அடிமட்டத்துக்கு இறக்கினார். ஏன் இப்போது? சிப்பாய் இ5-இல் இருந்தவரை, பின்னாலிருந்து செக் கொடுத்தால் உங்கள் ராஜா இ6-இல் போய்ச் சிப்பாயின் முன்னால் ஒளிந்துகொள்ளும். சிப்பாயே குடையாக மறைத்துவிடும். அப்போதும் அவருக்குப் பிழைக்க வழி உண்டு, ஆனால் அது கயிற்றின்மேல் நடக்கிற கதை. சிப்பாய் இ6-க்கு வந்துவிட்டால் அந்த ஒளியுமிடத்தில் சிப்பாயே உட்கார்ந்துவிட்டது. ராஜாவுக்கு நிழல் இல்லை. எங்கே போனாலும் பின்னாலிருந்து செக்.

நீங்கள் ராஜாவை டி6-க்குக் கொண்டுபோனீர்கள். யானை ஏ8 வந்தால் செக்மேட் என்ற மிரட்டல். அவர் டி1-இல் செக். இ5-க்குத் திரும்பினீர்கள், இ1-இல் செக். எஃப்6, எஃப்1-இல் செக். மீண்டும் இ5, இ1-இல் செக். டி6, டி1-இல் செக். 64-இல் மீண்டும் இ5. இப்போது அவர் காயைத் தொடவில்லை. யானை இ1 என்று தாளில் எழுதினார், பேனாவை மூடினார், கையை உயர்த்தி நடுவரை அழைத்தார்.

உங்கள் ஆட்சேபம் எனக்கு அப்போதே காதில் விழுந்தது: "நான் ஒருமுறை எஃப்6 பக்கம் போனேன், ஒருமுறை டி6 பக்கம் போனேன், எப்படி மூன்று முறை ஒன்றே ஆகும்?" விதி பார்ப்பது போன வழியை இல்லை, வந்து நின்ற நிலையை. ஒரே காய்கள் ஒரே கட்டங்களில், நகர வேண்டியவர் ஒருவரே, செய்யக்கூடிய நகர்த்தல்களும் ஒன்றே என்று மூன்றாம் முறை வந்தால் போதும். அவை அடுத்தடுத்து வர வேண்டியதும் இல்லை. உங்கள் ராஜா இ5, அவர் யானை இ1, நகர வேண்டியவர் நீங்கள் என்ற நிலை 60-இல் ஒன்று, 62-இல் இரண்டு, 64-இல் அவர் எழுதியதோடு மூன்று. தாளை எண்ணிப் பாருங்கள். அவர் கோரிய முறையும் கச்சிதம். நகர்த்தலை ஆடாமல் தாளில் எழுதி நடுவரிடம் சொல்ல வேண்டும். காயைத் தொட்டுவிட்டாலே கோருகிற உரிமை அப்போதைக்குப் போய்விடும். கோரவே ஆள் இல்லாவிட்டாலும் ஒரே நிலை ஐந்து முறை வந்தால் ஆட்டம் தானே முடிந்துவிடும். அதுவரை போக அவர் விரும்பவில்லை, அவ்வளவுதான்.

விதியைப் பற்றிய பேச்சில் இன்னொன்று. 58-இல் ஏன் சிப்பாயைத் தள்ளினீர்கள் என்று கேட்டபோது, "ஐம்பது நகர்த்தல் விதி வந்துவிடும் என்று பயந்தேன்" என்றீர்கள். அந்த ஐம்பது ஆட்டத்தின் தொடக்கத்திலிருந்து எண்ணப்படுவது இல்லை. கடைசியாக ஒரு சிப்பாய் நகர்ந்த இடத்திலிருந்தோ, ஒரு காய் வெட்டப்பட்ட இடத்திலிருந்தோ இரு தரப்பும் ஐம்பது ஐம்பது நகர்த்தல் ஆடியிருக்க வேண்டும். உங்கள் சிப்பாய் கடைசியாக நகர்ந்தது 50-இல். ஆகவே கிட்டத்தட்ட 100-ஆம் நகர்த்தல்வரை உங்களுக்கு அவகாசம் இருந்தது. கடிகாரத்திலும் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 30 நொடி கூடிக்கொண்டிருந்தது. எதிரே இருந்தவர் காலையிலிருந்து ஆடிக் களைத்தவர். அவசரப்பட எந்தக் காரணமும் இல்லை.

அந்த அவகாசத்தில் என்ன செய்திருக்கலாம்? ஒரு பொறி வைத்திருக்கலாம். சிப்பாய் இ5-இல், ராஜா டி5-இல் இருக்கும்போதே அவர் ராஜா வழிவிடும் நேரம் பார்த்து, உங்கள் யானையை டி நெடுவரிசைக்குக் கொண்டுவந்து, டி6-இல், உங்கள் ராஜாவின் காவலோடு, அவருடைய அகழிக்குள்ளேயே நிறுத்தியிருக்கலாம். வெட்டிக்கொள் என்ற அழைப்பு. களைத்த கை வெட்டிவிடும். வெட்டினால் நீங்கள் ராஜாவால் திரும்ப வெட்டுவீர்கள். இ5-இல் நிற்கும் சிப்பாய்க்கு டி6-இல் ஏறிய ராஜா என்றால் கதை முடிந்தது, வெற்றி. அவர் வெட்ட மறுத்து யானையைப் பின்னால் கொண்டுபோனால் அப்போதும் டிராதான். ஆனால் பழகிய வேலி கலைந்து, அவர் தாமாக யோசித்து ஆட வேண்டிய நிலை வந்திருக்கும். 46-இல் உங்களுக்கு வந்த அதே கேள்வியை 56-இல் அவரிடம் திருப்பிக் கேட்டிருக்கலாம். உங்கள் ஆட்டத்தில் நான் உண்மையாகவே வருந்துவது 46-க்கு அல்ல, இதைக் கேட்காமல் விட்டதற்கு. 46 தெரியாமை, தெரிந்துகொண்டால் தீர்ந்தது. இது பொறுமையின்மை.

50-ஆம் நகர்த்தலுக்குப் பின் அவர் டிரா கேட்டதையும், நீங்கள் மறுத்ததையும் சிலர் முணுமுணுத்தார்கள். வயதில் பெரியவர் கேட்கும்போது கொடுத்திருக்கலாம் என்றார்கள். நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். சிப்பாய் கூடுதலாக இருப்பவர் தொடர்ந்து ஆடிப் பார்ப்பது அவர் உரிமை. எதிராளிக்குத் தெரியுமா தெரியாதா என்று சோதிப்பதும் ஆட்டத்தின் பகுதி. அவரும் முறைப்படியே கேட்டார். தம் நகர்த்தலை ஆடி, டிரா என்று ஒருமுறை சொல்லி, கடிகாரத்தை அழுத்தினார். மறுத்தபின் திரும்பக் கேட்கவே இல்லை. ஒவ்வொரு நகர்த்தலுக்கும் டிரா டிரா என்று நச்சரிக்கிற பெரிய மனிதர்களையும் பார்த்திருக்கிறேன்.

ரேட்டிங் எவ்வளவு குறையும் என்று தனியாகக் கேட்டிருந்தீர்கள். உங்களுக்கு 1650, அவருக்கு 1450 என்றால் வித்தியாசம் 200. எலோ கணக்குப்படி அவரோடு ஆடும்போது உங்களிடம் எதிர்பார்க்கப்படுவது சுமார் 0.76 புள்ளி. கிடைத்தது 0.5. குறைந்த 0.26-ஐ உங்கள் பெருக்கெண் 20-ஆல் பெருக்கினால் ஐந்து புள்ளி போகும். ஐந்துதான். அதற்கு இரண்டு இரவு தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வது நியாயமில்லை. அந்த ஐந்தும் அவருக்கு நியாயமாகச் சேர வேண்டியவை. 45-இல் தவறினார் என்பது உண்மை. ஆனால் அது தண்டிக்கப்படாமல் போனதும் கை நடுங்காமல் திரும்பி வந்து, எப்போது வரிசையைப் பிடிக்க வேண்டும், எந்த நொடியில் விட வேண்டும் என்று இரண்டையும் பிழையில்லாமல் செய்தார். உங்கள் டிராவில் அவர் சம்பாதித்த அரைப் புள்ளி அது.

கணினி பூஜ்யம் காட்டுகிறது என்றீர்களே, அதைக் கடைசி நிலையில் போட்டால் பூஜ்யம்தான் காட்டும். 46-இல் நிறுத்திப் போடுங்கள். எண் எகிறும். ஆனால் எண்ணைப் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். யானைகளை எடுத்து வைத்துவிட்டு, ராஜாவையும் சிப்பாயையும் மட்டும் வைத்து உங்கள் தங்கையையோ அப்பாவையோ எதிரே உட்காரவைத்து ஆடுங்கள். சிப்பாய் இ3-இல் பத்து முறை, இ4-இல் பத்து முறை, முறையை மாற்றி மாற்றி.

அடுத்த ஞாயிறு பெரியவர் வருவார், நான் கேட்டுவிட்டேன். போட்டிக்கு முன் ஒரு மணி நேரம் இருக்கிறது. வெள்ளையை அவருக்குக் கொடுத்துவிட்டு, கருப்பு ராஜாவை இ8-இலும் யானையை பி6-இலும் வைத்து நீங்கள் காத்துப் பாருங்கள். டி6-இல் யானையை நிறுத்தும் அந்தப் பொறியை அவருக்கு நான் சொல்லிவிட்டேன்.